திரையில் கண்டால் அழுகிறோம், சந்தையில் கண்டால் விலகுகிறோம்: ஊடகமும் பால்புதுமையினரும்

பண்ணைக்காற்று எழுதியது:

எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் ‘காஞ்சனா’ படத்தை ரீவியில் எத்தனை தரம் போட்டாலும் இருந்து பார்ப்பார்கள். 2011இல் வந்த படம். சரத்குமார் திருநங்கையாக வருகிற பகுதி வந்தால் சித்தி இப்போதும் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார். அதே சித்தி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு திருநங்கை கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால், பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த வரிசையால் போவார்.

இது சித்தியின் குறை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. படம், நாடகம், பத்திரிகை, யூடியூப் எல்லாம் பால்புதுமையினரை, அதாவது திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் போன்றவர்களைப் பற்றி எங்கள் சனத்தின் மனதை உண்மையில் மாற்றுகின்றனவா? வெளிநாட்டுக் கதை சொன்னாலும் பரவாயில்லை, கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேருங்கள்.

மீசாலை மாஸ்ரர் எழுதியது:

தம்பி, சினிமா பார்த்துச் சனம் திருந்தும் என்றால் எம்.ஜி.ஆர் படம் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறையில் ஒருவரும் சிகரெட்டைத் தொட்டிருக்கக் கூடாது. வின்சர் தியேட்டர் வாசலில் நின்று பற்றவைத்துக்கொண்டுதான் அடுத்த காட்சிக்குப் போனோம்.

இன்னொன்று. காங்கேசன்துறை வைரமுத்துவின் மயானகாண்டம், அரிச்சந்திரன் கதை நாடகம், கோவில் வீதிகளில் விடிய விடிய நடக்கும். சந்திரமதியாக வருவது ஆண். பிள்ளையைப் பாம்பு கடித்து அவள் புலம்பும்போது வீதியில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுவார்கள். அப்படி அழுததால் ஊர் யாரையாவது புதிதாக ஏற்றுக்கொண்டதா? இல்லை. கலை வேறு, குடும்பம் வேறு.

ஸ்காபரோக்காரன் எழுதியது:

மாஸ்ரர் சொல்வதை அப்படியே விட ஏலாது. அமெரிக்காவில் 1997 ஏப்ரலில் நடிகை எலன் டிஜெனரஸ் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார், தொலைக்காட்சித் தொடரில் அவர் நடித்த பாத்திரமும் அதே மாதம் அப்படியே சொன்னது. விளம்பரக்காரர் சிலர் ஒதுங்கினார்கள், அடுத்த வருடமே தொடர் நின்றது. ஆனால் அதே 1998இல், ஆணை விரும்பும் ஆண் ஒருவரைப் பிரதான பாத்திரமாகக் கொண்ட ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடர் தொடங்கி வருடக்கணக்காக ஓடியது. 2012இல் ஜோ பைடன், அப்போது துணை ஜனாதிபதி, அமெரிக்க மக்களுக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்ததில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஒரு நேர்காணலில் சொன்னார். கலப் நிறுவனத்தின் கணிப்பில் ஒருபால் திருமணத்துக்கு ஆதரவு 1996இல் 27 வீதம், 2023இல் 71 வீதம். இவ்வளவும் சும்மா நடந்திருக்குமா?

மீசாலை மாஸ்ரர் எழுதியது:

அந்தக் காலத்திலேயே இன்டர்நெட்டும் வந்தது, வழக்குகளும் நடந்தன, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தாய் தகப்பனிடம் நேரே சொன்னார்கள். எல்லாப் புண்ணியத்தையும் ரீவிப் பெட்டிக்குக் கொடுக்கிறீர்கள்.

வளாகத்துப் பெட்டை எழுதியது:

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. நான் படிப்பது இந்தத் துறை என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேற்று ஆட்களோடு நேரில் பழகினால் வெறுப்புக் குறையும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். 2005இல் ஷியாப்பா, கிரெக், ஹியூஸ் என்ற மூன்று பேர் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். நேரில் பழக ஆள் இல்லாதவருக்கு, திரையில் கிழமைதோறும் வரும் ஒருவரோடு ஏற்படும் பழக்கமும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும் என்பது அவர்கள் வாதம். ஸ்காபரோ அண்ணை சொன்னதற்கு இது ஆதரவு. ஆனால் கிழமைதோறும் வரவேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒரே படத்தில் வந்து, அடிபட்டு, செத்து, பேயாகிப் போகிறவரோடு யார் பழகுவது?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ருவாண்டாவில் நடந்த ஆய்வு. எலிசபெத் லெவி பாலக் என்பவர் 2009இல் வெளியிட்டது. இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே இரண்டு கிராமங்களின் பகையைப் பற்றிய வானொலி நாடகம் ஒன்று ஒலிபரப்பானது. ஒரு பகுதி ஆட்களுக்கு அதையும், மற்றப் பகுதிக்கு சுகாதார நாடகம் ஒன்றையும் ஒரு வருடம் போட்டுக் காட்டினார்கள். முடிவு என்ன தெரியுமா? நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. மாறியது, ‘எங்கள் ஊரில் மற்றவர்கள் எதைச் சரியென்று நினைக்கிறார்கள்’ என்ற அவர்களுடைய கணிப்பு. அதோடு நடத்தையும். கடைசியில் எல்லாக் குழுவுக்கும் ஒரு ரேடியோ செட்டும் கசெட்டுகளும் கொடுத்து, எப்படிப் பகிர்வது என்று கேட்டார்கள். சுகாதார நாடகம் கேட்டவர்கள் பெரும்பாலும் ஊர் அதிகாரியே வைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் தங்களுக்குள் வாதாடி, எல்லாரும் சேர்ந்தே பொறுப்பெடுப்போம் என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 2015இல் உயர் நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அங்கீகரித்த உடனே சனத்தின் சொந்த அபிப்பிராயம் மாறவில்லை, நாடு எந்தப் பக்கம் போகிறது என்ற எண்ணம்தான் மாறியது என்று டாங்கார்டும் பாலக்கும் 2017இல் எழுதினார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இது அப்படியே பொருந்தும். இங்கே ஒரு தாய் பிள்ளையைத் துரத்துவது பிள்ளை மேல் உள்ள வெறுப்பால் குறைவு. ‘நாலு சனம் என்ன கதைக்கும்’ என்ற பயத்தால்தான் அதிகம். அந்த நாலு சனம் என்ன நினைக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோவிலடியில் கேட்பதும், பேஸ்புக்கில் பார்ப்பதும்தானே.

இயல் எழுதியது:

நான் திருநங்கை, வடமராட்சிப் பக்கம். தையல் தொழில்.

‘காஞ்சனா’ வந்த பிறகு ஒழுங்கையில் பெடியன்கள் என்னைக் கூப்பிட்ட பெயர் ‘காஞ்சனா’. இரவில் கண்டால் பேய் வந்தமாதிரி கத்திக்கொண்டு ஓடுவார்கள், பிறகு ஒளித்திருந்து சிரிப்பார்கள். 2015இல் ‘ஐ’ படம் வந்தபோது, எங்களை இழிவாகக் காட்டியது என்று சென்னையில் திருநங்கைகள் போராட்டம் நடத்தினார்கள். இங்கே அப்போது அந்தப் படத்தில் வந்த வசனத்தைப் பஸ் ஸ்டாண்டில் என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டினார்கள். படம் ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் யோசியுங்கள். நல்லது செய்கிறதோ இல்லையோ, பட்டம் வைக்கச் சொல் எடுத்துக் கொடுக்கிறது.

மாஸ்ரர், சந்திரமதியாக நடித்தவரை ஊர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், விடிந்ததும் அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனதுதான். நான் விடிந்தாலும் இப்படித்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். படத்தில் எங்களுக்கு இரக்கம் கிடைப்பது நாங்கள் சாகும்போது. ‘பாவக் கதைகள்’ படத் தொகுப்பில் வரும் திருநங்கை சத்தாரும் சாகத்தான் வேண்டியிருந்தது, காளிதாஸ் ஜெயராம் நன்றாக நடித்தார், நானும் அழுதேன். ஆனால் கரண்ட் பில் கட்டுகிற, ஓர்டர் பிந்தினால் பேச்சு வாங்குகிற, சின்னம்மாவோடு சண்டை பிடிக்கிற திருநங்கையை யாரும் எடுப்பதில்லை. எங்களையாவது இரண்டு படத்தில் காட்டினார்கள். திருநம்பிகள் தமிழ்த் திரையில் எங்கே?

2008இல் விஜய் ரீவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ வந்தது. டிஷ் இருந்த ஒரு வீட்டில் பார்த்தேன், வெளியில் ஊரடங்கு. ஒரு திருநங்கை கதிரையில் இருந்து மற்றவர்களைக் கேள்வி கேட்டார். அவரிடம் யாரும் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

கரவெட்டியான் எழுதியது:

இதெல்லாம் வெளிநாட்டுக் காசில் நடக்கிற கூத்து. என்ஜிஓக்கள் ஜூன் மாதம் கொடி கொடுத்து ஊர்வலம் வைக்கிறார்கள், நீங்கள் அதற்கு ஆய்வு தேடுகிறீர்கள். எங்கள் பண்பாட்டில் இல்லாத ஒன்று.

ஸ்காபரோக்காரன் எழுதியது:

வெளிநாட்டில் இருந்து வந்தது சட்டம்தான், தம்பி. ஒருபால் உறவைக் குற்றமாக்கப் பயன்படுகிற இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 365ஆம் பிரிவு 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. 365அ பிரிவில் ஆண்களை மட்டும் குறித்திருந்ததை 1995இல் எங்கள் பாராளுமன்றம் திருத்தி, பெண்களையும் உள்ளே இழுத்தது. அதை நீக்கத் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்தபோது, அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மேயில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024இல் பாராளுமன்றம் கலைந்ததோடு சட்டமூலமும் போய்விட்டது.

மட்டுறுத்துநர்:

இதற்கு மேலே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவரின் ஊரையும் வேலை செய்யும் இடத்தையும் கண்டுபிடித்துப் போட்டிருந்தார்கள். மறுபடி செய்தால் கணக்கு மூடப்படும். கருத்தோடு சண்டை பிடிக்கலாம்.

செய்தி மேசை எழுதியது:

நான் இங்குள்ள ஊடகம் ஒன்றில் துணை ஆசிரியர் வேலை பார்க்கிறேன். எது என்று கேட்க வேண்டாம். வளாகத்துத் தங்கச்சி சொன்ன ‘நாலு சனம்’ எங்கே உற்பத்தியாகிறது என்று காட்டுகிறேன்.

பின்னேரம் பொலிஸ் செய்திகள் வரும். களவு வழக்கு ஒன்றில் பிடிபட்டவர் மேசன் என்றால் தலைப்பில் ‘மேசன்’ வராது. பிடிபட்டவர் திருநங்கை என்றால் அதுதான் தலைப்பு, ‘பெண் வேடமிட்டு நடமாடியவர்’ என்று. களவு போன சங்கிலி மூன்றாம் பந்திக்குப் போய்விடும். அதே செய்தியை யூடியூப்காரர் எடுக்கும்போது முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் அம்புக்குறி, ‘யாழில் நடந்த விபரீதம்’. அதை வெட்டி டிக்டொக்கில் போடுவார்கள். ஒரு நாளில் அந்த முகம் லண்டன் வரைக்கும் போய் வரும்.

நகரத்தில் நடந்த பிரைட் நடைக்கும், அதாவது பால்புதுமையினரின் ஊர்வலத்துக்கும், இதுதான் கதி. நடந்தவர்கள் பிடித்திருந்த பதாகைகளில் என்ன எழுதியிருந்தது என்று வாசித்துக் காட்டிய பக்கங்கள் குறைவு. யார் யார் முகம் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்து நிறுத்தியவை அதிகம். வீடியோவைவிட அதன் கீழே வரும் கொமென்ட்தான் மோசம். பத்துப்பேர் மாறி மாறி ஐநூறு கொமென்ட் போட்டால், பார்க்கிற அம்மாவுக்கு ஊரே காறித் துப்புவதாகத் தெரியும். பேசாமல் பார்த்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கானவர்கள் எண்ணிக்கையில் வருவதில்லை.

வளாகத்துப் பெட்டை எழுதியது:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சென்னையில் எடுத்த நல்ல படம் ஒன்று எங்கள் ஆட்களை இரண்டரை மணித்தியாலம் இளக்கலாம். ஆனால் ‘எங்கள் ஊர்’ என்ன நினைக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது உள்ளூர்ப் பக்கங்கள். படம் நல்லதாகி, பக்கம் கெட்டதாக இருந்தால் பக்கம்தான் வெல்லும். பண்ணைக்காற்று சித்தி திரையில் அழுவதும் சந்தையில் விலகுவதும் அதனால்தான். சந்தையில் அவர் பார்ப்பது அந்தத் திருநங்கையை இல்லை, தன்னை யார் பார்க்கிறார்கள் என்று.

கீரிமலை எழுதியது:

நான் ஆணை விரும்பும் ஆண். இந்த இடத்தில்கூட இப்படி எழுதி அழித்து எழுதி அழித்துத்தான் போடுகிறேன்.

எங்களைப் பற்றித் தமிழ்ப் படம் சொன்னது 2006 ‘வேட்டையாடு விளையாடு’ மாதிரித்தான். ஆளைக் கொன்று புதைக்கிற இரண்டு பெடியன்கள், அவர்கள் அப்படி என்று கதாநாயகன் ஒரு நக்கல், தியேட்டரில் விசில். பள்ளிக்கூடப் பெடியனாக அதைப் பார்த்தேன். என்னைப்போல ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அன்றைக்குத்தான், அவர்கள் கொலைகாரர்கள் என்று தெரிந்ததும் அன்றைக்குத்தான்.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ நாவல் 1994இல் வந்தது, கொழும்புத் தமிழ்க் குடும்பம், 83 கலவரம், ஆணை விரும்பும் பெடியன். எங்களுக்கென்றே எழுதின மாதிரிக் கதை. தீபா மேத்தா அதை 2020இல் படமாக்கினார். ஆசையோடு பார்க்க இருந்தேன். அவர்கள் பேசின தமிழ் இருக்கிறதே! பிரதான பாத்திரங்களில் தமிழர் அல்லாதவர்கள், உச்சரிப்பு அந்தரம். கனடாவில் எங்கள் ஆட்களே எதிர்ப்புக் கிளப்பினார்கள், அது நியாயம். ஆனால் நடந்தது என்ன? அண்ணா வட்சப்பில் அந்தத் துண்டுகளை அனுப்பி வீடு முழுக்கச் சிரித்தது. கதையைப் பற்றி ஒரு சொல் கதைக்காமல் தப்பிக்கொள்ள எல்லாருக்கும் வழி கிடைத்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு எழும்பிப் போனேன்.

பிறகு 2023 கடைசியில் மம்முட்டியின் ‘காதல் தி கோர்’ மலையாளத்தில் வந்தது. அம்மாவுக்கு மம்முட்டி என்றால் உயிர். என்ன படம் என்று சொல்லாமல் போட்டேன். உள்ளூர்த் தேர்தலில் நிற்கிற குடும்பஸ்தன், வருடக்கணக்காகக் கலியாணம் கட்டியிருக்கிற மனைவி விவாகரத்துக் கேட்கிறாள், காரணம் அவர் ஆணை விரும்புகிறவர். அழுகை, அடிதடி பெரிதாக இல்லை. எல்லாரும் மெல்லக் கதைக்கிறார்கள். அம்மா நடுவில் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து மிச்சத்தையும் பார்த்தார்.

அவருக்கு மம்முட்டி மேல் இரக்கம் வரவில்லை. ஜோதிகா மேல்தான் வந்தது. ‘முதலே சொல்லியிருந்தால் அந்தப் பெட்டையின்ர வாழ்க்கை இப்படிப் போயிருக்காது’ என்றார். அவ்வளவுதான் சொன்னார், பிறகு நியூஸ் பார்த்தார். அடுத்த மாதம் கலியாணப் புரோக்கர் வந்தபோது என் சாதகம் காணவில்லை, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். சாதகம் சாமியறைப் பெட்டியில்தான் இருக்கிறது, எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்.

மீசாலை மாஸ்ரர் எழுதியது:

கீரிமலைத் தம்பி, உம்முடைய அம்மா கெட்டிக்காரி.

நான் சொன்னதில் ஒன்றும் மாற்றவில்லை, படம் பார்த்தவுடன் சனம் மாறாது. ஆனால் அவ அந்தப் பெண்ணின் பக்கம் நின்று யோசித்தது எனக்குப் புதிதாக இருக்கிறது. நான் இதை எப்போதும் ஒரு பிள்ளையின் பிரச்சினையாகத்தான் பார்த்தேன். பொய்யாகக் கட்டி வைக்கிற கலியாணத்தில் இன்னொரு வீட்டுப் பெண் பிள்ளை அகப்படுகிறாள் என்று சொன்னால், எங்கள் சங்கக் கடை வாங்கில் இருக்கிற கிழவர்களுக்கும் விளங்கும். அவர்களுக்கு உரிமை என்று தொடங்கினால் காது அடைத்துவிடும், பெண் பிள்ளையின் வாழ்க்கை என்றால் நிமிர்ந்து இருப்பார்கள்.

ஸ்காபரோக்காரன் எழுதியது:

மாஸ்ரர், அப்படியென்றால் மற்றவருக்கு நட்டம் வரும் என்பதால்தான் அவரை விடவேண்டுமா? அவருக்கென்று ஒரு நியாயம் இல்லையா?

மீசாலை மாஸ்ரர் எழுதியது:

இருக்கிறது. நான் சொல்வது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று.

பண்ணைக்காற்று எழுதியது:

அப்போ இங்கே என்ன செய்யலாம்? குறுந்திரைப்படம் எடுக்கும் பெடியன்கள் யாழ்ப்பாணத்தில் கனபேர் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு பகுதி என்று யூடியூபில், எங்கள் பேச்சில், ஒரு நாடகம். அதில் ஒரு வீட்டில் இப்படி ஒருவரும் இருக்கிறார், அவ்வளவுதான். செத்துப்போகாமல்.

இயல் எழுதியது:

யோசனை நல்லது. நடிக்கப்போவது யார்? பெடியன் ஒருவனுக்கு விக் வைத்தால் நாங்கள் மறுபடி வேடம்தான். என்னைப்போல ஒருவரை நடிக்க வைத்தால் முகம் வெளியே வரும். எனக்குப் பிரச்சினை இல்லை, என் தங்கச்சிக்குப் பொருத்தம் பார்க்கிறார்கள். 2016இல் வந்த சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து அடையாள அட்டையும் மாற்றிவிட்டேன். ஆனால் அதைக் காட்டினாலும் ஓர் அலுவலகத்தில் கிளார்க், யூடியூபில் பார்த்த ஆளா என்று பக்கத்து மேசையைக் கூப்பிட்டுக் காட்டினார். அட்டையை அவர் வாசிக்கவே இல்லை.

நேர்காணலுக்கு வருகிற யூடியூப்காரர் எல்லாரும் முதலில் கேட்பது உடம்பைப் பற்றி. இரண்டாவது, எப்போது அழுதீர்கள். நான் ஒரு தரம் பிளவுசுக்குக் கழுத்து வெட்டுவது எப்படி என்று சொல்லத் தொடங்கினேன், கமராவை நிறுத்திவிட்டார்.

செய்தி மேசை எழுதியது:

பத்திரிகையில் பிழையாக வந்தால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம், 2003இல் இருந்து இயங்குகிறது. யூடியூப் பக்கங்களுக்கு அது பொருந்தாது. அங்கே எங்களால் செய்யக்கூடியது சின்ன விஷயங்கள்தான். தலைப்பில் இருந்து அந்தச் சொல்லை எடுப்பது, முகத்தை மறைப்பது, கொமென்ட் பகுதியை மூடுவது. மூடினால் பார்வை குறையும் என்று மேலிடத்தில் சண்டை வரும். பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இயல் அக்கா, எங்கள் வார இதழில் ஒரு பக்கம் இருக்கிறது, தொழில் செய்யும் பெண்கள் தாங்களே எழுதுவது. கோழி வளர்ப்பு, கேக் ஐசிங், எல்லாம் வந்திருக்கிறது. அந்தப் பிளவுஸ் கழுத்து விஷயத்தை எழுதித் தருவீர்களா? திருநங்கை என்று தலைப்பில் போடமாட்டேன். உள்ளே சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கரவெட்டியான் எழுதியது:

தையல் பக்கத்திலும் இதைப் புகுத்தப் போகிறீர்களா?

வளாகத்துப் பெட்டை எழுதியது:

உங்கள் வீட்டில் யாராவது பிளவுஸ் தைப்பித்தால் விலாசம் தருகிறோம் அண்ணை.

இயல் எழுதியது:

எழுதுகிறேன். தீபாவளி ஓர்டர் முடியட்டும், இப்போது கழுத்து நிமிர்த்த நேரமில்லை. படம் வேண்டாம், தையல் மெசினையும் கையையும் எடுத்துப் போடுங்கள். உள்ளே ஒரு வரியில் சொல்வேன், மறைக்க மாட்டேன். அதை நீங்கள் இணையத்திலும் ஏற்றுவீர்கள் தானே? கொமென்டை யார் இருந்து பார்ப்பது என்று முதலில் ஒரு பெயர் சொல்லுங்கள், அவரோடு கதைத்துவிட்டுத்தான் அனுப்புவேன்.